கேள்வி மட்டும் கேட்ட லூர்துமேரி

அருள் போன் செய்தபோது நான் காலைக் காப்பியில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "பெரீம்மா, அம்மா போயிட்டாங்க," என்றான். "கடைய தொறக்கணும்னு சாவிய எடுத்தாங்க. அப்படியே படியில உக்காந்துட்டாங்க. தண்ணி கேட்டாங்க, எடுத்தாந்து குடுக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி." அவன் அழவில்லை. அழ ஆரம்பித்தால் மற்றவர்களுக்குச் சொல்ல முடியாது என்று அடக்கிக்கொண்டிருக்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து செஞ்சி, செஞ்சியில் இறங்கி அனந்தபுரம் பஸ். லூர்துமேரியைப் பார்க்க இந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அன்றைக்கு வழி முழுக்க அழுகை வரும் என்று கைக்குட்டையை மடியிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. வந்ததெல்லாம் கோபம்தான்.

நம் மடத்துப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிகள் ஆண்டு மலருக்கு லூர்துவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். "இனிமையான நினைவுகளாக இருக்கட்டும் அக்கா" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னீர்கள். இனிப்பு எனக்கு டாக்டர் தடை செய்த பொருள். இருப்பதை எழுதுகிறேன், போடுவதானால் முழுசாகப் போடுங்கள்.

அடக்கப் பூசையில் பிரசங்கம் வைத்தவர் புதிதாக மாற்றலாகி வந்த இளம் சாமியார். "படிப்பறிவு இல்லாத எளிய தாய். ஆனாலும் செபத்தில் இந்த ஊருக்கே வழிகாட்டி" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் அவரை நிறுத்தி, "சாமி, அந்தம்மாவுக்கு பிரெஞ்சு தெரியும்" என்றேன். "அப்படிங்களா பாட்டி? ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் அறுபதுகளிலிருந்தே வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

நானும் லூர்துவும் ஒரே ஊர். செஞ்சிக் கோட்டைக்கு மேற்கே திருவண்ணாமலை ரோட்டில், சின்னக் கோயிலும் நாலு தெருவுமாக இருந்த கிறிஸ்துவ ஊர். அவளுடைய நைனா சின்னப்பன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார், கிணறு வற்றாத வருஷத்தில் நெல்லும் போடுவார். எங்கள் ஊரில் கோயில் செபம் நடத்தும் உபதேசியாருக்கு நெஞ்சு சளி வந்து குரல் போனதிலிருந்து, சாயங்காலக் கோயிலில் மாதா பிரார்த்தனை சொல்வது லூர்துதான். வேறு மதத்தவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்னால் நிற்பவர் மாதாவின் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். பதில் ஒன்றேதான், அதைத் தூங்கிக்கொண்டே சொல்லலாம். முன்னால் நிற்பவருக்குத்தான் அத்தனை பட்டங்களும் வரிசை தவறாமல் வர வேண்டும். பாவாடை தாவணி போட்ட ஒரு பெண் புத்தகம் பார்க்காமல் அதைச் சொல்வதைக் கேட்கப் பக்கத்து ஊரிலிருந்துகூட வருவார்கள். கணீரென்ற குரல். அந்தக் குரல்தான் அவளுக்கு எமனாக வந்தது.

செஞ்சியில் மடத்துப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் மேல்வகுப்புக்கு வந்த வருஷம், புதுச்சேரியிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து சேர்ந்தார். பிரெஞ்சு தெரிந்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை, பிரெஞ்சு சிஸ்டர் என்றே இருக்கட்டும். புதுச்சேரியில் தன் சபையைச் சேர்ந்த ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் படிப்புக்குப் பெண்கள் எடுக்கிறார்கள், பிரெஞ்சு சர்ட்டிபிகேட் பரீட்சை பாஸ் செய்திருந்தால் தங்க இடம், சாப்பாடு எல்லாம் கொடுத்துப் படிக்க வைப்பார்கள் என்று சொல்லி, ஐந்து பேரைத் தனி வகுப்புக்குப் பொறுக்கினார். இந்தி வேண்டாம் என்று ஊரில் பையன்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம் அது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கோஷம் கேட்கும், இந்தப் பக்கம் நாங்கள் பிரெஞ்சில் சேவலுக்கும் கோழிக்கும் பெயர் எழுதிக்கொண்டிருப்போம். எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் என்ன படித்தால் என்ன என்று விட்டிருப்பார்கள்.

மற்ற நாங்கள் நாலு பேரும் ஏதோ பத்தோடு பதினொன்றாகத்தான் அந்த வகுப்புக்குப் போனோம். நர்ஸ் ஆக வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தது லூர்து ஒருத்திதான். சேவை, தியாகம் என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். ஒருமுறை அவளுடைய நைனாவுக்குக் காலில் மண்வெட்டி பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, கட்டுப் போட வந்த நர்ஸம்மா, "வாய மூடிக்கினு உக்காருய்யா" என்று அதட்டியிருக்கிறார். ஊரில் யார் பேச்சையும் கேட்காத அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "எங்க நைனா உக்காந்துட்டாருடி ஞானம், பூனையாட்டம் உக்காந்துட்டாரு" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பாள்! அந்த வேலைதான் வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

அவளுடைய நைனாவுக்கு வேறு முடிவு இருந்தது. அனந்தபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த இராயப்பன் என்பவருக்கு மனைவி இறந்து, இரண்டு பிள்ளைகளோடு பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். சின்னப்பன் வாக்கு கொடுக்கப் போகிற சமயத்தில் லூர்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். நானும் அங்கே இருந்தேன், என் காதால் கேட்டேன். "பரிச்சைல பாஸாயிட்டியா, நீ பாண்டிக்குப் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன். பெயிலாயிட்டன்னா ஆவணில கல்யாணம். அப்பறம் இன்னான்னு ஒரு வார்த்த பேசக் கூடாது." லூர்து "சரி நைனா" என்றாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டவும் செய்தாள். படிப்பில் எங்கள் ஐந்து பேரில் அவள்தான் முதல், பயப்பட எந்தக் காரணமும் இல்லை.

பரீட்சை இரண்டு பகுதி. ஒன்று எழுதுவது. இன்னொன்று வாய்ப் பரீட்சை, அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள், பிரெஞ்சில் பதில் சொல்ல வேண்டும். உன் பெயர் என்ன, உன் ஊர் எங்கே இருக்கிறது, உன் அப்பா என்ன வேலை செய்கிறார், உன் வீட்டில் என்னென்ன வளர்க்கிறீர்கள் என்று போய், நீ என்ன ஆக விரும்புகிறாய் என்று முடியும் ஒரு வரிசை. பிரெஞ்சு சிஸ்டர் அதை எங்களுக்கு எப்படி ஏற்றுவது என்று யோசித்திருக்கிறார். ஒருநாள் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பிரார்த்தனைக்கு வந்தவர் லூர்துவின் குரலைக் கேட்டார். மறுநாள் வகுப்பில் பெஞ்சுகளை மாற்றிப் போட்டார். லூர்து தனியாக முன்னால் நின்று கேள்வியைச் சொல்ல வேண்டும், நாங்கள் நால்வரும் எதிரே நின்று ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். அச்சு அசலாகப் பிரார்த்தனை போலவே. "உங்களுக்குப் பழகின முறை, சீக்கிரம் மனசுல நிக்கும்" என்றார். அவர் சொன்னது பலித்தது. இரண்டு மாதத்தில் எங்களுக்குத் தூக்கத்திலும் பதில் வந்தது.

லூர்துவுக்குத் தூக்கத்தில் கேள்வி வந்தது. இது சரியாக வராது என்று முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "சிஸ்டர், நானும் பதில் சொல்றேன். வேற யாராவது கேக்கட்டும்" என்றாள். "மாத்தலாம், கிறிஸ்துமஸ் முடியட்டும்" என்றார் சிஸ்டர். கிறிஸ்துமஸ் முடிந்ததும் புதுச்சேரியிலிருந்து பெரிய மதர் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். எங்களை நிறுத்திச் சொல்ல வைத்தார்கள். செஞ்சியில், கோட்டை மலைக்கு அடியில், இப்படி ஒரு பிரெஞ்சா என்று பெரிய மதர் கைதட்டினார். லூர்துவின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். அதோடு மாற்றுவது என்ற பேச்சு போயிற்று. லூர்து மறுபடி கேட்டபோது, "உன் குரல்தாம்மா கேள்விக்கு அழகு. நல்லா இருக்கறதை ஏன் கெடுக்கணும்?" என்றார் சிஸ்டர். அதற்கப்புறம் போராட்டத்தில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், திறந்தபோது தவக்காலம், தவக்காலம் முடிந்ததும் பரீட்சை.

வீட்டுக்கு நடக்கும்போது கோட்டை மதிலுக்குள் புகுந்து வரும் அந்த ரோட்டில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்: "நான் கேக்கறேன், நீ சொல்லுடி லூர்து." அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "சிஸ்டர் மாத்தாம நாமளா மாத்தினா அது கீழ்ப்படியாத பாவம். பரிச்சைல எப்படி வெக்கிறாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா இன்னா? தெரியாமலா என்னை கேக்க வெச்சிருக்காங்க?" செத்தவளைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொல்கிறேன், அந்தக் கீழ்ப்படிதலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நைனா சொன்னால் கேட்க மாட்டேன் என்று பட்டினி கிடந்தவள், வெள்ளை அங்கி போட்டவர் சொன்னால் மறுபேச்சுப் பேசவில்லை. அப்படித்தான் எங்களை வளர்த்திருந்தார்கள்.

பரீட்சைக்குப் புதுச்சேரிக்குப் புறப்பட்ட காலையில் சிஸ்டர் எங்கள் ஐந்து பேர் நெற்றியிலும் சிலுவை வரைந்து, "பெரிய மதர் முன்னாடி எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொல்லுங்க. ஒன்னும் மாத்தாதீங்க" என்றார். சிஸ்டர் சொன்னதை நாங்கள் நால்வரும் காற்றோடு விட்டுவிட்டோம். லூர்து அதைப் பிடித்துக்கொண்டாள். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது என்னிடம் கேட்டாள்: "என் முறை வர்றப்ப பதில் சொல்றதுக்கு அங்க ஆள் வெச்சிருப்பாங்க இல்ல?" விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

எழுத்துப் பரீட்சையை நன்றாகவே எழுதினோம். வாய்ப் பரீட்சைக்கு ஓர் உயரமான அறை. மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார அம்மாள் ஒருவரும், கோட்டு போட்ட நம்மவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முடித்தவர்கள் பின் பெஞ்சில் உட்காரலாம். நான் முடித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். லூர்துவைக் கூப்பிட்டார்கள். கோயிலில் நிற்பது போலக் கை கூப்பி நிமிர்ந்து நின்றாள். அம்மாள் பிரெஞ்சில், "உன் பெயர் என்ன?" என்றார். லூர்து கணீரென்று பிரெஞ்சில், "உன் ஊர் எங்கே இருக்கிறது?" என்றாள்.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே தன் ஊர்ப் பெயரைச் சொன்னார். பதில் வந்துவிட்டதல்லவா, லூர்து அடுத்ததற்குப் போனாள். "உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" அப்பா செத்துப் பல காலம் ஆயிற்று என்றார் அம்மாள். "உன் வீட்டில் என்னென்ன வளர்க்கிறீர்கள்?" கோட்டு போட்டவர் எழுந்து போய்ப் பக்கத்து அறையில் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பிழை இல்லை, ஒரு தடங்கல் இல்லை, எங்கள் சிஸ்டரைவிட அழகான உச்சரிப்பு. அத்தனை கேள்வியையும் கேட்டு முடித்துக் கடைசியில், "நீ என்ன ஆக விரும்புகிறாய்?" என்றாள். "சீக்கிரம் வீட்டுக்குப் போய்த் தூங்க விரும்புகிறேன்" என்றார் அம்மாள். அறையே சிரித்தது. ஒருவருக்காவது, இந்தப் பெண்ணுக்கு யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இன்னொரு முறை கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றவில்லை. படித்தவர்கள் நிறைந்த அறை அது.

லூர்து முகமெல்லாம் மலர்ந்து வெளியே வந்தாள். "ஒன்னுகூட விடலடி! அந்தம்மா எல்லாத்துக்கும் பதில் சொன்னாங்க, பாத்தியா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு நடந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் எங்களில் இன்னொருத்திதான் பொறுக்க மாட்டாமல், "லூர்து, நீ பதிலே சொல்லலியேடி. பதில் சொன்னாத்தான் மார்க்கு" என்று உடைத்தாள். லூர்து அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திண்டிவனத்தில் பஸ் நின்றபோது, "அப்ப எதுக்குடி என்னை கேக்க வெச்சாங்க?" என்றாள். அது சிஸ்டர் சொல்லிக்கொடுத்த வரிசையில் இல்லாத கேள்வி.

நாங்கள் நால்வரும் பாஸ். லூர்து எழுத்தில் எங்கள் எல்லாரையும்விட மேலே, வாய்ப் பரீட்சையில் பெயில். இரண்டிலும் பாஸ் ஆனால்தான் சர்ட்டிபிகேட். பரீட்சை அறையில் சிரித்த கதை ரிசல்ட்டுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டிருந்தது. "பாண்டிக்குப் போயி வெள்ளக்காரங்களச் சிரிக்க வெச்சிட்டு வந்திருக்குது" என்றார் சின்னப்பன். சத்தம் போடவில்லை, கோபம்கூடப் படவில்லை. ஜெயித்தவர் எதற்குக் கோபப்பட வேண்டும்? அடுத்த வாரமே அனந்தபுரத்துக்கு ஆள் அனுப்பினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் புதுச்சேரியிலிருந்து வந்து மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். கோயிலில் கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கேள்வி கேட்பது சாமியார், மணப்பெண் பதில் சொல்ல வேண்டும். "சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம்" என்றாள் லூர்து. கடைசி பெஞ்சு வரை கேட்டது. அந்த ஒரு பதிலை மட்டும் அவளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சிஸ்டரும் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இராயப்பன் கெட்டவர் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். வாய் அதிகம் பேசாதவர், குடிக்காதவர், மூத்தவளின் பிள்ளைகளை லூர்து வளர்த்த விதத்துக்கு அவர் கடைசி வரை நன்றியோடு இருந்தார். இருந்து என்ன? ஒரு நல்ல சட்டையை வேறு ஒருவர் அளவுக்குத் தைத்துவிட்டு, துணி நல்ல துணி என்று சொல்வது போல இருக்கிறது. அவள் கடையில் பருப்பு நிறுத்தாள், வெல்லம் உடைத்தாள், அருளையும் அவனுக்குப் பின் ஒரு பெண்ணையும் பெற்றாள். அனந்தபுரத்திலும் சுற்று ஊர்களிலும் கிறிஸ்துவ வீட்டில் யார் செத்தாலும் பிரார்த்தனை சொல்ல அவளைத்தான் கூப்பிட்டார்கள். நானோ ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து, ஆறே மாதத்தில் நர்ஸ் படிப்பை விட்டு, பிரெஞ்சு டீச்சராகிப் பென்ஷனும் வாங்கிவிட்டேன். "நான் நர்ஸ் ஆக விரும்புகிறேன்" என்று தினமும் கோரஸாகப் பதில் சொன்ன எங்கள் நால்வரில் ஒருத்திகூட நர்ஸ் ஆகவில்லை. எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத்தான் அந்தப் பதில் தேவைப்பட்டது.

நான் கடைக்குப் போகும்போதெல்லாம் அவள் தராசை வைத்துவிட்டு, பிரெஞ்சில் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிப்பாள். நான் பழைய பதில்களை அப்படியே சொல்வேன். சாமான் வாங்க வந்தவர்கள் முழிப்பார்கள். "இன்னா பாஷம்மா இது?" என்று ஒரு அம்மாள் கேட்டபோது, "இது பெயிலான பாஷ. உனுக்கு உளுத்தம்பருப்பு எவ்ளோ?" என்றாள். இருவரும் சிரிப்போம். என் சிரிப்பு நெஞ்சுக்குக் கீழே இறங்காது.

என் அப்பா இறந்த வருஷம் ஒரு மத்தியானம் போயிருந்தேன். வழக்கம்போல ஆரம்பித்தாள். உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற இடத்துக்கு வந்ததும் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அப்போது அவளே பதில் சொன்னாள். "என் அப்பா விவசாயி. எங்களுக்கு நிலமும் கிணறும் இருக்கின்றன." அத்தோடு நிற்கவில்லை. கேள்வி கேட்காமலே மீதிப் பதில்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். அந்தக் கணீர்க் குரலில் பதில்களை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. என் அழுகை நின்றுவிட்டது.

"எப்படி லூர்து? எப்ப கத்துக்கிட்ட?" என்றேன்.

"பரிச்ச முடிஞ்ச வாரமே கத்துக்கிட்டேன். ஒரு வாரங்கூட முழுசா ஆகல. மல்லாட்டை உரிச்சிக்கினே சொல்லிப் பாத்தேன், வந்துடுச்சி." பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள். "நேரா மடத்துக்குப் போனேன். சிஸ்டர வராண்டாவுக்குக் கூப்ட்டு அத்தனையும் சொன்னேன். அடுத்த வருசம் என் பேரையும் அனுப்புங்க, நைனா கிட்ட ஒரு வார்த்த நீங்க சொன்னா கேட்டுக்குவாருன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குதும்மான்னாங்க. ஆனா உன் பேரப் பாத்தா அவங்களுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும், மடத்துக்குக் கெட்ட பேரு, நைனா சொல்றதக் கேட்டு நடந்துக்கோன்னாங்க." கத்தரித்த நூலைப் பல்லில் கடித்தபடி என்னைப் பார்த்தாள். "கேக்கறவளுக்கு எந்த ஊர்லயும் மார்க்கு கெடையாதுடி ஞானம். அத அப்பவே தெரிஞ்சிக்கிட்டேன்."

ஒரு வாரம். வகுப்பில் பெஞ்சைத் திருப்பிப் போட்டு ஒரு வாரம் அவளைப் பதில் சொல்ல வைத்திருந்தால் போதும். அந்த ஒரு வாரத்தைக் கொடுக்க எங்கள் சிஸ்டருக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் கேட்க நன்றாக இருந்தது, பெரிய மதர் கைதட்டினார். பிறகும் கொடுக்க மனம் வரவில்லை, ஏனென்றால் கேட்க நன்றாக இல்லை, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிஸ்டரின் நினைவாக நம் பள்ளியில் ஆண்டுதோறும் பேச்சுப்போட்டி வைக்கிறீர்கள். வையுங்கள். லூர்து அவரைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவள் சொல்லாததற்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

அவள் இறந்த அன்று நான் அனந்தபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. கூடத்தில் அவளைக் கிடத்தி, தலைமாட்டில் பாடுபட்ட சுரூபச் சிலுவையும் மெழுகுவர்த்தியும் வைத்திருந்தார்கள். கோயிலுக்குத் தூக்குவதற்கு முன்னால் பிரார்த்தனை சொல்ல வேண்டும். ஜெபமாலையை எப்படியோ ஆளுக்கொன்றாகச் சொல்லி முடித்தோம். அடுத்து மாதா பிரார்த்தனை. எல்லாரும் வாயைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தோம். யாரும் ஆரம்பிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளுடைய மருமகள் என்னிடம், "பெரீம்மா, நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க" என்றாள். நான் முன்னால் போய் நின்றேன். இரண்டு பட்டம் வந்தது, மூன்றாவது வரவில்லை. சிறு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது, அதற்குமேல் ஒன்றுகூட வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். அவர்களுக்கும் வரவில்லை. இத்தனை வருஷம் ஒவ்வொரு சாவு வீட்டிலும் அவள்தான் சொன்னாள், நாங்கள் "வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டோம். "அம்மாதான் சொல்லுவாங்க" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

கடைசியில் அருள் தன் போனில் தேடி எடுத்து, தலைமாட்டில் வைத்தான். எந்த ஊர்ப் பெண்ணோ, பின்னால் ஆர்மோனியம் வைத்துக்கொண்டு இழுத்து இழுத்துச் சொன்னாள். நாங்கள் போனுக்குப் பதில் சொன்னோம். அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஊரே பெயிலானது, படித்த நான் முதல் ஆளாகப் பெயிலானேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எங்களுக்கு ஆவணியில் தண்டனையும் கிடையாது.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், அந்தக் கேள்விகள். வீட்டில் தனியாக இருக்கும்போது அவள் குரலில் கேட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொன்றுக்கும் என் பதிலைச் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் சொல்வதில்லை. "நான் நர்ஸ் ஆக விரும்புகிறேன்" என்ற பதிலை ஒரு வருஷம் முழுக்க அவள் முகத்துக்கு எதிரே நின்று நான் சொன்னேன். அது அவளுடையது. லூர்து, நீ என்ன ஆக விரும்புகிறாய் என்று நான் கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் நேரம் வரை சும்மா இருக்கிறேன்.